கையெழுத்து கேட்டால், கணக்கும் கேளுங்க!



சமையல் குறிப்பு, கைவைத்தியம், குழந்தை வளர்ப்பு என்று எத்தனையோ விஷயங்களை இந்தப் பகுதியில் படித்துப் பயனடைந்திருக்கிறேன். இந்த முறை நான் எழுத நினைப்பது வீட்டுக் கடன் பற்றி. "அதெல்லாம் ஆம்பளைங்க சமாசாரம்" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். இப்போது வீட்டுக் கடன் கேட்டுப் போனால் பெரும்பாலும், "உங்க சம்சாரத்தையும் கூட்டிட்டு வாங்க, கையெழுத்து வேணும்" என்றுதான் சொல்கிறார்கள். நம் கையெழுத்துக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது என்றால், அது எதற்கு என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

நான் கரூரில் வசிக்கும் குடும்பத் தலைவி. வயது 34. பத்தாம் வகுப்பு வரை படித்தவள். என் கணவர் ஜவுளி ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். பதினோரு வருடம் வாடகை வீட்டில் இருந்துவிட்டு, சமீபத்தில்தான் கடன் வாங்கி ஒரு சொந்த வீட்டுக்குக் குடி வந்தோம். அதற்காக பேங்குக்கு நடந்ததில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எவ்வளவு கடன் கிடைக்கும்?

வீட்டின் விலையைச் சொன்னால் அதற்கேற்ப கடன் தருவார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். பேங்கில் முதலில் பார்ப்பது, பிடித்தம் எல்லாம் போக மாதம் கைக்கு வரும் சம்பளத்தைத்தான். என் கணவருக்குக் கைக்கு வருவது 41,000 ரூபாய். எல்லாக் கடன்களுக்குமான தவணை சேர்ந்து இதில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்று எங்கள் பேங்கில் கணக்கு வைத்தார்கள். (இந்த அளவு பேங்குக்கு பேங்க், சம்பளத்துக்குச் சம்பளம் மாறும்.) பாதி என்றால் 20,500. ஏற்கெனவே பைக் கடனுக்கு மாதம் 2,900 போய்க்கொண்டிருந்தது. அதைக் கழித்தால் மீதி 17,600.

வட்டி எட்டரை சதவீதம், 20 வருடம் என்றால், ஒரு லட்சம் ரூபாய் கடனுக்கு மாதத் தவணை சுமார் 868 ரூபாய். 17,600-ஐ 868-ஆல் வகுத்தால் 20 லட்சத்துச் சொச்சம். "உங்களுக்கு 20 லட்சம்தான் வரும்" என்றார் அந்த அதிகாரி. வீட்டுக்கு வந்து பையனின் கணக்கு நோட்டில் இதை நானே போட்டுப் பார்த்தபோது ஒரு விஷயம் புரிந்தது. மாதம் 2,900 ரூபாய் பைக் தவணை இருப்பதால், 3 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய் வீட்டுக் கடன் குறைந்து போகிறது! அதனால் வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருப்பவர்கள் பைக், செல்போன், ஃபிரிட்ஜ் என்று ஓடும் சில்லறைத் தவணைகளை முடிந்த மட்டும் முடித்துவிட்டு பேங்குக்குப் போங்கள்.

வயதையும் பார்க்கிறார்கள். சம்பளக்காரர் என்றால் பெரும்பாலும் ஓய்வு பெறுவதற்குள் கடன் முடிய வேண்டும். என் கணவருக்கு 38 வயது, 58-ல் ஓய்வு. அதனால் 20 வருடம் கிடைத்தது. 45 வயதில் போயிருந்தால் 13 வருடம்தான்; அதே தொகைக்குத் தவணை எகிறியிருக்கும்.

எங்கள் தெருவில் இட்லி மாவு அரைத்து விற்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். சம்பளக்காரர்களை விட நன்றாகவே சம்பாதிக்கிறார். ஆனால் அவருக்கு பேங்கில் சொன்ன பதில், "வருமானத்துக்கு ஆதாரம் கொண்டு வாங்கம்மா" என்பதுதான். சொந்தத் தொழில் என்றால் இரண்டு மூன்று வருட வருமான வரிக் கணக்கும், பேங்கில் பணம் வந்து போன கணக்கும் கேட்கிறார்கள். அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் பணம் அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. வீட்டிலிருந்தே சம்பாதிக்கும் சகோதரிகள் இன்றைக்கே அதை பேங்கில் போட ஆரம்பியுங்கள்.

சிபில் என்கிற மார்க்

சிபில் என்பது, வாங்கிய கடனை நாம் எப்படிக் கட்டினோம் என்பதற்குக் கொடுக்கும் மார்க். 300-லிருந்து 900 வரை இருக்கும். 750-க்கு மேல் இருந்தால் பொதுவாக நல்ல மார்க் என்று எடுத்துக் கொள்கிறார்கள்.

முதலில் நாங்கள் போன பேங்கில், "சார் மார்க் ரொம்பக் கம்மியா இருக்கு" என்று திருப்பி அனுப்பி விட்டார்கள். "ஏனுங்க, நாம ஒரு தவணை கூடத் தவறலையே!" என்று எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. அறிக்கையை வாங்கிப் பார்த்தால், என் கணவர் தன் சித்தப்பா மகனின் வண்டிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். அவர் நாலு தவணை கட்டவில்லை. அந்தக் கறை எங்கள் கணக்கில் வந்து விழுந்துவிட்டது. அவரை உட்கார வைத்துப் பேசி, பாக்கியைக் கட்ட வைத்து, அதற்கான கடிதம் வாங்கி, மார்க் ஏறும் வரை ஆறு மாதம் காத்திருந்தோம். அந்த ஆறு மாத வாடகையும் சேர்ந்து போயிற்று. ஜாமீன் என்பது வெறும் சாட்சிக் கையெழுத்து இல்லை சகோதரிகளே, அவர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்ற வாக்கு!

இன்னொன்று. வாரத் தவணை, மாதத் தவணை என்று மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனிகளில் நாம் வாங்கும் கடனும் இந்த மார்க் கணக்கில் ஏறுகிறது. குழுவில் இருக்கும் சகோதரிகள் கவனம். நம் அறிக்கையை வருடத்துக்கு ஒரு தடவை இலவசமாகவே வாங்கிப் பார்க்கலாம். சிபில் மாதிரி மொத்தம் நாலு கம்பெனிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் அப்படிக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நாமே பார்ப்பதால் மார்க் குறையாது. ஆனால் ஒரே மாதத்தில் ஐந்தாறு பேங்கில் மனுப் போட்டால் குறையலாம்.

கையில் எவ்வளவு வேண்டும்?

"முழு லோன் வாங்கித் தர்றோம்" என்று சொல்லும் ஏஜெண்டுகளை நம்பாதீர்கள். 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம், 30-க்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கும் மேல் 75 சதவீதம். இதற்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உச்சவரம்பு. அவ்வளவையும் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. மதிப்பு என்பதும் நாம் பேசிய விலை இல்லை. நாங்கள் பேசியது 27 லட்சம். பேங்க் இன்ஜினீயர் வந்து பார்த்துப் போட்டது இருபத்தைந்தரை லட்சம். எது குறைவோ அதைத்தான் கணக்கில் எடுப்பார்கள்.

அடுத்தது பத்திரச் செலவு. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். 27 லட்சத்துக்கு 2 லட்சத்து 43 ஆயிரம். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வீடு என்றால் இந்தச் செலவை வீட்டு மதிப்போடு சேர்த்துக் கடன் கொடுக்க மாட்டார்கள். எங்களுக்கு விலையில் 7 லட்சமும் இதுவும் சேர்த்து 9 லட்சத்து 43 ஆயிரம் கையிலிருந்து போட வேண்டியிருந்தது. டெபாசிட், பி.எஃப். முன்பணம், ஒரு சீட்டு, என் வளையல்கள் எல்லாம் சேர்த்துத்தான் சமாளித்தோம். வளையல்களை அடகு வைக்கவில்லை, விற்றேன். மனசு கேட்கவில்லைதான். ஆனால் அடகு வைத்தால் அதுவும் ஒரு கடனாக ஏறிவிடுமே!

பத்து லட்சத்துக்குள் மனையோ வீடோ வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல், பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைத்திருக்கிறார்கள்.

பணம் இருந்தாலும் பத்திரம் சரியாக இருந்தால்தான் கடன். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, அங்கீகரித்த வரைபடம் எல்லாவற்றையும் பேங்க் வக்கீல் பார்க்கிறார். முன்பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே நகல்களை நாமும் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுவது நல்லது.

தவணைக்குள் ஒளிந்திருக்கும் வட்டி

20 லட்சம், எட்டரை சதவீதம், 20 வருடம் என்றால் மாதத் தவணை 17,356 ரூபாய். முதல் மாதத் தவணையில் வட்டிக்கு மட்டும் 14,167 போய்விடும். அசலில் கழிவது 3,189 தான்! ஐந்து வருடம் தவறாமல் கட்டினால் நாம் கட்டியிருப்பது 10 லட்சத்து 41 ஆயிரம். அசலில் குறைந்திருப்பது சுமார் 2 லட்சத்து 37 ஆயிரம். இது ஏமாற்று வேலை இல்லை. பாக்கி இருக்கும் அசலுக்கு வட்டி போடுவதால் ஆரம்பத்தில் வட்டி பெரிதாகவும், போகப் போகச் சிறிதாகவும் இருக்கும். அதனால்தான் முதல் சில வருடங்களில் கூடுதலாகக் கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பலன் அதிகம்.

இதே கடனை 15 வருடத்துக்கு வாங்கினால் தவணை 19,695. மாதம் 2,339 ரூபாய்தான் கூடுதல். ஆனால் மொத்த வட்டியில் 6 லட்சத்து 20 ஆயிரம் மிச்சம். எங்கள் சம்பளத்துக்கு அந்தத் தவணை ஒத்து வரவில்லை. அதனால் நாங்கள் ஒரு வழி செய்திருக்கிறோம். பைக் கடன் எட்டு மாதத்தில் முடிகிறது. முடிந்ததும் அந்த 2,900-ஐ வீட்டுச் செலவில் கரைய விடாமல் வீட்டுக் கடனிலேயே கூடுதலாகக் கட்டப் போகிறோம். இதே வட்டி நீடித்தால் 20 வருடக் கடன் 15 வருடத்துக்குள்ளேயே முடிந்துவிடும். மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டினால் தனி நபர்களிடம் அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கூடுதலாகக் கட்டும்போது, "இதை அசலில் கழித்து, வருடத்தைக் குறையுங்கள்" என்று எழுதிக் கொடுத்து விடுங்கள்.

மாறும் வட்டி என்றேனே, அதையும் சொல்லி விடுகிறேன். ரிசர்வ் வங்கி மற்ற பேங்குகளுக்குக் கொடுக்கும் கடனுக்கான வட்டியை ரெப்போ என்கிறார்கள். 2019 அக்டோபரிலிருந்து பேங்குகள் மாறும் வட்டியில் கொடுக்கும் புதிய வீட்டுக் கடன்களின் வட்டி, பெரும்பாலும் இதையொட்டித்தான் ஏறி இறங்குகிறது. 2022 மே மாதம் 4 சதவீதமாக இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரியில் ஆறரை சதவீதம் ஆயிற்று. 2025-ல் படிப்படியாக இறங்கியது. ஏறியபோது பலருக்குத் தவணை அப்படியே இருந்தது, ஆனால் வருடங்கள் சத்தமில்லாமல் நீண்டுவிட்டன. இப்போது வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, வருடத்தைக் கூட்டுவதா என்று நம்மைக் கேட்க வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கிறது. அப்படிக் கடிதமோ குறுஞ்செய்தியோ வந்தால் அலட்சியமாக விடாதீர்கள்.

"இன்டு மார்க் போட்ட இடத்துல..."

கடன் மஞ்சூர் ஆன அன்று ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டி, "இன்டு மார்க் போட்ட இடத்துல எல்லாம் கையெழுத்துப் போடுங்கம்மா" என்றார்கள். பின்னால் வேறு ஆட்கள் காத்திருக்கிறார்கள். நமக்கும் பதற்றமாகத்தான் இருக்கும். ஆனால் 2024 அக்டோபர் 1 முதல், கடன் விவரம் முழுவதையும் சுருக்கமாக ஒரு தாளில் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதற்குக் 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மெண்ட்' என்று பெயர். கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் அது இருக்க வேண்டும். தமிழில் கேளுங்கள். அதைப் படித்து யோசிக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் நேரமும் உண்டு. அன்றைக்கே கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும் என்பதில்லை. வட்டியோடு எல்லாக் கட்டணங்களும் சேர்ந்து வருடத்துக்கு எத்தனை சதவீதம் ஆகிறது என்பதும் அதில் ஏ.பி.ஆர். என்ற பெயரில் இருக்கும். இரண்டு பேங்குகளை ஒப்பிட வேண்டுமானால், விளம்பரத்தில் வரும் வட்டியை விட்டுவிட்டு இந்த எண்ணைப் பாருங்கள்.

எங்கள் தாளில் இன்ஷூரன்ஸ் என்று 48,000 ரூபாய் கடனோடு சேர்த்திருந்தது. "இது கட்டாயமா சார்?" என்று கேட்டேன். "எல்லாரும் எடுக்கறதும்மா" என்றார். "கட்டாயமான்னு கேட்டேன் சார்" என்றேன் மறுபடியும். "கட்டாயம் இல்லை" என்றார். குறிப்பிட்ட கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்று நம்மை வற்புறுத்தக் கூடாதாம். அந்த 48,000-ஐயும் கடனாகவே 20 வருடம் கட்டினால் ஏறக்குறைய ஒரு லட்சம் ஆகிறது! ஆனால் இன்ஷூரன்ஸே வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள். சம்பாதிக்கிறவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் கடன் நிற்காது. என் கணவர் பெயரில் கடன் தொகைக்குக் குறையாமல் ஒரு டேர்ம் பாலிசி வெளியே எடுத்தோம்.

என் கையெழுத்து, என் பெயர்

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். பேங்கில் நம்மைக் கையெழுத்துப் போடச் சொல்வது 'கோ-அப்ளிகண்ட்', அதாவது கூட்டுக் கடன்தாரர் என்று. நமக்குச் சம்பளம் இல்லை என்றாலும், கணவர் கட்டாவிட்டால் முழுக் கடனையும் நம்மிடம் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. 90 நாளுக்கு மேல் தவணை நின்றால் வாராக் கடன் ஆகிவிடும். அதன் பிறகு 2002-ம் வருடச் சட்டப்படி 60 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்பி, வீட்டைக் கையகப்படுத்தலாம். நம் சிபில் மார்க்கும் சேர்ந்தே விழும்.

ஆனால் கூட்டுக் கடன்தாரர் என்பதால் மட்டும் வீட்டில் நமக்குப் பங்கு வந்துவிடாது! வீடு யாருடையது என்று சொல்வது கிரயப் பத்திரம் மட்டும்தான். பத்திரத்தில் பெயர் உள்ளவர்கள் எல்லாரையும் பொதுவாக பேங்கில் கடனுக்குக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். ஆனால் கடனுக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாருடைய பெயரும் பத்திரத்தில் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதை நாம்தான் கேட்க வேண்டும்.

முன்பு நாங்கள் குடியிருந்த தெருவில் ஒரு அம்மாவின் கணவர் திடீரென்று இறந்துவிட்டார். பத்திரம் அவர் ஒருவர் பெயரில். கடனில் இருவர் கையெழுத்தும். 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள், இறந்தவரின் தாயார் எல்லாருக்கும் சம பங்கு. வீட்டை விற்றுக் கடனை அடைக்கலாம் என்றால், மாமியார் கையெழுத்து வேண்டும், சின்னப் பிள்ளைகளின் பங்குக்குக் கோர்ட் அனுமதி வேண்டும். பாக்கிக்கான நோட்டீஸ் மட்டும் அந்த அம்மா பெயருக்கு நேராக வந்தது.

இதை மனதில் வைத்துத்தான் பத்திரம் எழுதும் முன் என் கணவரிடம் பேசினேன். "யார் பேர்ல இருந்தா என்ன, எல்லாம் ஒண்ணுதானே?" என்றார். "ஒண்ணுதானுங்க. அப்ப ரெண்டு பேர் பேரும் இருக்கட்டுமே" என்றேன். அவர் யோசித்துக் கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து என் அத்தை குரல் கொடுத்தார். "கடனுக்கு அவளும்தானேப்பா கையெழுத்துப் போடறா? வளையலையும் கழட்டிக் குடுத்திருக்கா. எழுதுடா ரெண்டு பேர் பேரையும்." பேச்சு அத்தோடு முடிந்தது. இப்போது பத்திரத்தில் ஆளுக்குப் பாதி. அவர் பங்கு எப்படிப் போனாலும் என் பாதி என்னுடையது. சில பேங்குகளில் பெண் பெயரும் சேர்ந்திருந்தால் வட்டியில் ஒரு சிறு சலுகையும் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. பத்திரத்தை பேங்கில் ஒப்படைத்ததைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வார்கள்; அதற்குத் தனிச் செலவு உண்டு. கடன் முழுதும் முடிந்ததும் 30 நாளைக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். அவர்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்று 2023-ல் விதி வந்துவிட்டது. வில்லங்கத்தில் உள்ள பதிவையும் மறக்காமல் ரத்து செய்துவிடுங்கள். பேங்க் மீது குறை இருந்தால் முதலில் அவர்களுக்கே எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணம் இல்லாமல் புகார் செய்யலாம்.

பால் கணக்கு, மளிகைக் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாம் போடத் தெரிந்த நமக்கு இந்தக் கணக்கும் வரும். தவணை எவ்வளவு, எத்தனை வருடம், மொத்த வட்டி எவ்வளவு, பத்திரத்தில் யார் பெயர். இந்த நாலு கேள்வியையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். பதில் எழுதிய பிறகு பேனாவை எடுங்கள். சொந்த வீடு கனவு காணும் எல்லாச் சகோதரிகளுக்கும் அது நல்லபடியாக அமைய என் வாழ்த்துகள்.

— ஒரு வாசகி, கரூர்.